பத்திரத்தில் இல்லாத நோய்

ஒரு சொல் வசையாக வழங்கும் விதத்தைக் கொண்டு, அதை வழங்கும் சமுதாயம் எதைக் குற்றமென்று கருதுகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். தமிழில் 'மலடி' என்பது ஒரு நோயின் பெயராக வழங்கியதைவிட, ஒரு பெண்ணின் பெயராகவே அதிகம் வழங்கி வந்திருக்கிறது. 'மலடன்' என்ற ஆண்பாற் சொல்லும் அகராதியில் இருக்கிறது. ஆயினும் வேலியோரத்துச் சண்டைகளில் அது ஒலிப்பது அரிது. குழந்தைப் பேறின்மைக்கு ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சம அளவிற் காரணமாகின்றனர் என்று மருத்துவ விஞ்ஞானம் நிறுவிப் பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. மொழியோ பழைய தீர்ப்பையே இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

இச்சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்களின் கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில், 'விலக்குகள்' என்ற தலைப்பின் கீழ் அது அச்சிடப்பட்டிருக்கும். இந்தியாவில் காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையம் 2019ஆம் ஆண்டில் இவ்விலக்குகளின் வாசகத்தை நாடு முழுவதற்கும் ஒரே சீராக வகுத்தது. அப்பட்டியலில் 17ஆவது விலக்கு மலட்டுத்தன்மை பற்றியது. கருத்தடை, கருத்தடை அறுவை, செயற்கை முறையில் விந்தைச் செலுத்துதல், உடலுக்கு வெளியே கருக்கட்டல், வாடகைத் தாய் முறை, முன்னர் செய்த கருத்தடையை நீக்கும் அறுவை ஆகிய எவற்றுக்கும் காப்புறுதி செல்லாது என்பது அதன் சாரம். இலங்கையில் விற்கப்படும் மருத்துவக் காப்புறுதிகளிலும் பொதுவாக இந்நோய் விலக்குப் பட்டியலிலேயே இடம்பெறுகிறது.

இலக்கிய ஏட்டில் காப்புறுதிப் பத்திரத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். மக்கள் எந்த எழுத்தின் கீழ் வாழ்கிறார்களோ, அந்த எழுத்தைப் படிப்பதும் விமர்சனத்தின் கடமையே என்பது நம் விடை. காவியத்தையும் நாவலையும் ஆராயும் அதே கண்ணோடு ஒப்பந்தத்தையும் ஆராய்ந்தால், அதிலும் ஒரு வர்க்கத்தின் குரலைக் கேட்கலாம். மேற்கூறிய விலக்கைச் சற்றே உற்று நோக்குங்கள். பிள்ளை வேண்டாமென்பவரையும் பிள்ளை வேண்டுமென்பவரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தி, இருவரையும் ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்புகிறது அது. இரண்டும் தனிமனிதரின் சொந்த விருப்பம், நோயல்ல என்ற கொள்கை அதற்குள் மறைந்திருக்கிறது. தெருவில் வழங்கும் வசைச் சொல் 'இது உன் குற்றம்' என்கிறது; பத்திரம் 'இது உன் சொந்த விவகாரம்' என்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றே: செலவும் அவமானமும் தனித்து நிற்கும் ஒருத்தியின் தலையிற் சுமத்தப்படுகின்றன.

இலக்கியம் கண்டதும் காணாததும்

மக்கட்பேற்றைச் செல்வங்களுள் தலையாயதாகப் போற்றும் மரபு நம்முடையது. குறளில் அதற்கென ஓர் அதிகாரம் உண்டு. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய பாட்டு உண்டு. தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற தனிப் பிரபந்த வகையும் உண்டு. பெற்றவரின் இன்பம் இவ்வளவு விரிவாகப் பாடப்பட்ட மொழியில், பெறாதவரின் துன்பம் அதற்கீடாகப் பேசப்படவில்லை. காவியங்களில் அத்துன்பம் வருமிடத்து அது அரசரின் துன்பமாகவே வருகிறது. தசரதனுக்கு வேள்வி உண்டு. அவனது குடிகளுள் பிள்ளையற்ற உழவனுக்கு என்ன உண்டு என்று காவியம் கேட்டதில்லை.

அண்மைக்காலத்தில் அக்கேள்வியைக் கேட்ட நாவல் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'. 2010இல் வெளிவந்த அந்நாவல், கொங்கு நாட்டுக் குடியானவத் தம்பதியான காளி, பொன்னா ஆகியோரின் பிள்ளையில்லா வாழ்வைச் சொல்கிறது. ஊராரின் ஏச்சும், உறவினரின் கண் நிலத்தின் மீது விழுவதும், தீராத நேர்த்திக் கடன்களும் அதில் நுணுக்கமாகக் காட்டப்படுகின்றன. 2014இன் இறுதியில் அந்நாவலுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. அந்தப் பெரும் வாதத்தில் சாதியின் மானமும் கோயிலின் மானமும் பேசப்பட்டன. எழுத்துச் சுதந்திரமும், நியாயமாகவே, பேசப்பட்டது. பொன்னாவின் துயரம் மட்டும் எவர் கண்ணிலும் படாமற் போயிற்று.

ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின் 'யெர்மா' 1934இல் மட்ரிட் நகரில் அரங்கேறியது. பிள்ளைக்காக ஏங்கும் நாட்டுப்புறப் பெண்ணொருத்தி, ஆடும் வயலும் போதுமென்றிருக்கும் கணவனோடு வாழ்ந்து, இறுதியில் அவனையே கொன்றுவிடும் கதை அது. இரண்டாண்டுகளின் பின் பாசிஸ்டுகள் லோர்காவைச் சுட்டுக் கொன்றனர். ஸ்பெயினின் வறண்ட கிராமமும் கொங்கு நாட்டுக் கிராமமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்! எனினும் மானம், சொத்து, மதம் ஆகிய மூன்றும் அவ்விரு பெண்களையும் ஒரேவிதமாக வளைத்து நிற்பதை இவ்விரு படைப்புகளும் காட்டுகின்றன.

இவ்விரு படைப்புகளின் உலகிலும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. ஆதலால் அவற்றில் விதியே எதிரியாகத் தோன்றுகிறது. இன்று நிலைமை வேறு. 1978 ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுண் பிறந்தாள். அதே ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, கல்கத்தாவில், வைத்தியர் சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியால் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. இங்கிலாந்து விஞ்ஞானியான ரொபேர்ட் எட்வேர்ட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். வங்காள வைத்தியரோ அதிகாரிகளின் அவநம்பிக்கைக்கும் ஏளனத்துக்கும் ஆளாகி 1981இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விஞ்ஞானம் வழியைத் திறந்த பின்னர், அந்த வழியின் வாசலில் நிற்பது விதியன்று, விலை. இன்று எழுதுவோர் விதியைப் பாடுவதை விடுத்து விலையைப் பேச வேண்டியவராகின்றனர்.

வன்னியில் இந்நோய்

ஓராண்டு காலம் தடையின்றிச் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரியாமையை இனப்பெருக்க மண்டலத்தின் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. உலகில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர் என்று அந்நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. செல்வந்த நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இவ்விகிதத்திற் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் சிகிச்சை கிடைப்பதிலேதான்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னிப் பெருநிலத்தில் இந்நோய்க்கு வரலாறும் ஒரு காரணம். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிகளுக்குள் வைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பர் வரை மூடப்படவில்லை. அம்முகாம்களிலும், தடுப்பிலும் 'புனர்வாழ்வு' நிலையங்களிலும், காணாமற் போனவரைத் தேடும் அலைச்சலிலும் இளைஞர்களின் ஆண்டுகள் கழிந்தன. பெண்ணின் கருவளம் 35 வயதுக்குப் பின் விரைந்து குறைவது உடலியல் உண்மை. கலியாணம் பிந்திற்று, அல்லது கலியாணம் நடந்தும் கணவனும் மனைவியும் வெவ்வேறு இடங்களில் வாழ நேர்ந்தது. யுத்தம் தின்ற ஆண்டுகளை உடல் திருப்பித் தருவதில்லை.

அடிவயிற்றில் செல் சிதறல் பட்டவர்கள் இருக்கின்றனர். முள்ளந்தண்டு வடத்தில் காயமுற்று நாற்காலியில் வாழும் ஆண்கள் இருக்கின்றனர். இவர்களுட் பலருக்கு விந்தை மருத்துவ முறையால் எடுத்துத்தான் கருக்கட்டச் செய்ய முடியும். உரிய நேரத்தில் மருந்து கிடையாமல் கிருமித் தொற்று முற்றிக் கருக்குழாய்கள் அடைபட்ட பெண்களும் உண்டு. இவர்கள் எல்லோரினும் கொடிய நிலை, பிள்ளைகளைப் பெற்று, போதுமென்று கருத்தடை அறுவை செய்துகொண்டு, பின்னர் அப்பிள்ளைகளை யுத்தத்திற் பறிகொடுத்த தாய்மாருடையது. மேலே கண்ட விலக்கு வாசகத்தில் 'கருத்தடையை நீக்கும் அறுவை' என்ற சொற்களை இத்தாய்மாரை நினைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள்.

இம்மக்கள் முதலிற் செல்லுமிடம் கோயில். புதூர் நாகதம்பிரானுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைக்கின்றனர், மடுமாதாவிடம் மன்றாடுகின்றனர். கோயில் மரங்களிலே தொட்டில் கட்டுகின்றனர். இதனை மூடநம்பிக்கை என்று நகைத்து ஒதுக்குவது எளிது. ஆயினும் தொட்டில் கட்ட ஒரு முழத் துணி போதும் என்பதையும், கொழும்பிலுள்ள தனியார் நிலையமொன்றில் ஒரு தடவை கருக்கட்டல் முயற்சி செய்யப் பல இலட்சம் ரூபா வேண்டும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். மருத்துவத்தின் விலை கைக்கெட்டாத இடத்தில் நேர்த்திக் கடன் நிலைபெறுவது இயல்பு.

காப்புறுதி என்பது யாது?

வன்னி விவசாயிக்குக் காப்புறுதி புதியதன்று. அவன் ஓட்டும் மோட்டார்ச் சைக்கிளுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இல்லாவிட்டால் பொலிஸார் தண்டம் எழுதுவர். அவனது நெல்லுக்குக் கமநலக் காப்புறுதி உண்டு. 2018 டிசம்பரில் பெருமழை பெய்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வயல்கள் வெள்ளத்தில் அமிழ்ந்தபோது, அழிந்த பயிருக்கு நட்டஈடு கேட்பது உரிமை என்பதை எவரும் மறுக்கவில்லை. விதைத்தது விளையாமற் போனால் அது உழவனின் பாவம் என்று இன்று எந்த அதிகாரியும் கூறுவதில்லை. வயலுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட இந்நியாயம் வயிற்றுக்கு ஏன் ஒப்புக்கொள்ளப்படவில்லை?

காப்புறுதியின் அடிப்படை எளியது. யாருக்கு எப்போது நேரும் என்று தெரியாத ஒரு துன்பத்துக்காகப் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்து வைக்கின்றனர். நேர்ந்தவருக்கு அதிலிருந்து கொடுக்கப்படுகிறது. பழைய மரண உதவிச் சங்கங்களின் தத்துவமும் இதுவே. இத்தத்துவம் இலாபம் தேடும் நிறுவனத்தின் கையில் விழுந்ததும், துன்பத்தைப் பகிரும் கலையானது துன்பப்படக் கூடியவரை முன்கூட்டியே கண்டுபிடித்து ஒதுக்கும் கலையாகிவிடுகிறது.

பிள்ளைப்பேறின்மையை ஒதுக்குவதற்கு நிறுவனங்கள் மூன்று நியாயங்கள் கூறுவதுண்டு. முதலாவது, இது உயிராபத்தான நோயன்று என்பது. அப்படியாயின் கண்புரைக்கும் முழங்கால் மூட்டுக்கும் பணம் கொடுப்பது எவ்வாறு? இரண்டாவது, இது பத்திரம் எடுக்கும் முன்னரே இருந்த நோய் என்பது. ஓராண்டு முயன்ற பின்னரே வெளிப்படும் நோய் எப்போது தொடங்கியது என்பதை எவரால் கூற முடியும்? மூன்றாவதே வலுவானது: இச்சிகிச்சைக்குக் காப்புறுதி உண்டென்றால், அது தேவைப்படுவோர் மாத்திரமே வந்து சேருவர், அப்போது கட்டுப்பணம் மிக உயரும், மற்றையோர் விலகுவர், திட்டம் சரிந்துவிடும். கணக்கின்படி இது உண்மையே. ஆனால் இவ்வுண்மை நிரூபிப்பது வேறொன்றை. தனித்தனியே விரும்பிச் சேரும் சந்தைக் காப்புறுதியால் இந்நோயைத் தாங்க இயலாது. யாவரையும் உள்ளடக்கிய பொது நிதியாலேயே இயலும் என்பதை இது நிரூபிக்கிறது.

அத்தகைய பொது நிதி ஒன்று நம்மிடம் முன்னரே இருக்கிறது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்ட நாள் தொட்டு, இந்நாட்டின் இலவச வைத்தியசேவையே மக்கள் யாவருக்குமான மிகப் பெரிய காப்புறுதி. அதற்குக் கட்டுப்பணம் வரி. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியும், சீனியும் மாவும் வாங்கும் முல்லைத்தீவு மீனவப் பெண்ணும் அதைச் செலுத்திக்கொண்டே இருக்கின்றனர். ஆகவே, 'எனக்குக் காப்புறுதி இல்லை' என்று ஓர் ஏழைப் பெண் கூறுவது சரியன்று. அவள் கட்டுப்பணம் செலுத்தியவள், நன்மை மறுக்கப்பட்டவள்.

இவ்விலவச சேவையின் ஓரங்கள் நாளுக்குநாள் தேய்ந்து வருவதை மறைப்பதற்கில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறையப் பாதியை மக்களே தம் கைப்பணத்திலிருந்து கொடுக்கின்றனர். 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் மருந்துத் தட்டுப்பாடு எங்கும் பரவிற்று. அரசாங்க உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' காப்புறுதி உண்டு. நம் வாசகர்களுள் ஆசிரியராக உள்ளோர் அதன் அங்கத்தவரே. கூலிக்கு மிளகாய் பிடுங்கும் பெண்ணுக்கும் களப்புத் தொழிலாளிக்கும் அது கிடையாது. அவர்கள் சிகிச்சைக்காக நாடும் 'காப்புறுதி' தாலிக்கொடியின் அடகும் நுண்கடனுமே.

காப்புறுதி உள்ளோரும் தம் பத்திரத்தைப் படித்தறிவது அவசியம். 'மலட்டுத்தன்மை' விலக்கப்பட்டிருந்தாலும், அதற்குக் காரணமான நோய்கள் யாவும் விலக்கப்பட்டதாகாது. கருப்பைக் கட்டி, சூலகக் கட்டி, கருப்பை உட்சவ்வு வெளியிடங்களில் வளரும் நோய், ஆணின் விதைநாளப் புடைப்பு ஆகியவற்றுக்கான அறுவை தனி நோய்க்கான அறுவையாகக் கருதப்பட இடமுண்டு. காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், வைத்தியசாலையில் இரவு தங்கினால்தான் பணமா, வெளிநோயாளர் பரிசோதனைக்கு உச்ச வரம்பு என்ன, கணவனின் பரிசோதனை மனைவியின் பத்திரத்தில் அடங்குமா ஆகிய நான்கையும் எழுத்திற் கேட்டு எழுத்திற் பதில் பெற வேண்டும். தொழிற்சங்கங்கள் குழுக் காப்புறுதிக்குப் பேரம் பேசும்போது கட்டுப்பணத் தொகையை மட்டும் நோக்காது, விலக்குப் பட்டியலையும் மேசைமேல் விரித்து வைத்துப் பேச வேண்டும்.

பிற நாடுகளும் ஒரு பாடமும்

பிரான்ஸில் பெண்ணின் 43ஆவது வயது வரை நான்கு தடவை உடற்புறக் கருக்கட்டலுக்கான செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்கிறது. இங்கிலாந்தில், 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மூன்று முழுச் சுற்றுகள் வழங்கலாம் என்று 2013ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. ஆயினும் பிரதேச சபைகள் பல ஒன்றோடு நிறுத்திவிடுகின்றன. ஜேர்மனி நல்லதோர் உதாரணம். அங்கு 2004ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி சட்டரீதியான காப்புறுதி பாதிச் செலவை மட்டும் ஏற்கத் தொடங்கியதும் சிகிச்சை பெறுவோர் தொகை சடுதியாக வீழ்ந்தது. பிள்ளை வேண்டுமென்ற ஆசை அவ்வாண்டில் குறைந்துவிடவில்லை. தொழிலாளர் வீட்டில் பணம்தான் குறைந்தது. மருத்துவத்தின் விலை எவ்வாறு வர்க்கத் தேர்வாகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நமக்கு மிக அருகிலுள்ள பாடம் தமிழ்நாட்டில் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாகபட்டினக் கரையில் ஏராளமான குழந்தைகளைக் கொண்டு சென்றது. அவர்களின் தாய்மாருட் பலர் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தை ஏற்றுக் கருத்தடை செய்துகொண்டவர்கள். அத்தாய்மாருக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்யத் தமிழ்நாட்டு அரசு முன்வந்தது. எல்லோருக்கும் அது பலித்ததென்று கூறுவதற்கில்லை. எனினும் பிள்ளையை இழந்த மீனவப் பெண்ணின் வெறுமை ஓர் அரசு ஈடு செய்ய முயல வேண்டிய நட்டம் என்ற கொள்கை அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே அலை முல்லைத்தீவுக் கரையையும் அழித்தது. ஐந்தாண்டுகளுள் யுத்தமும் அங்கேயே வந்து முடிந்தது. 2013இல் கிளிநொச்சிக்குப் புகையிரதம் வந்தது. ஏ9 வீதி செப்பனிடப்பட்டது. வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் வரிசையாகக் கிளை திறந்தன. அபிவிருத்தியின் அந்நீண்ட பட்டியலில், இத்தாய்மாரின் இழப்புக்கென ஒரு தனித் தலைப்பு எழுதப்படவில்லை.

யாருக்காகப் பிள்ளை?

இங்கே நாம் ஓர் அபாயத்தையும் சுட்ட வேண்டும். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தால் அவ்வரசு முற்போக்கானது என்று பொருளாகாது. ஹங்கேரியில் 2020 முதல் அச்சிகிச்சை இலவசம். ஆனால் குடியேறுவோரைத் தடுத்துத் தேசத்தின் தொகையைப் பெருக்குவதே அவ்வரசு வெளிப்படையாகக் கூறிய நோக்கம். தாயின் துயர் தீர்ப்பது ஒன்று. தாயை இனத்தின் உற்பத்திச் சாலையாக்குவது வேறு.

வன்னிப் பெண் இவ்விரு பக்க அடியையும் கண்டவள். 1980களில் கருத்தடை அறுவைக்கு முன்வந்தோருக்கு இந்நாட்டரசு பணம் கொடுத்தது. 2013 ஆகஸ்ட் இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கரையோரக் கிராமங்களிற் பெண்கள் அழைக்கப்பட்டு, தக்க விளக்கமும் சம்மதமுமின்றித் தோலின் கீழ்ப் பொருத்தும் கருத்தடைக் குச்சிகள் ஏற்றப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது மறுக்கவும்பட்டது. அங்கே என்ன நடந்தது என்பதை அப்பெண்களின் வாய்மொழியைக் கேட்டு நிறுவ வேண்டிய கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது. ஏழைப் பெண்ணின் கருவைத் தடுக்கும் சேவை கிராமத்தின் வாசல்வரை வந்துவிடுவதையும், அவளது கரு தரிக்க உதவும் சேவை தலைநகரில் நின்றுவிடுவதையும் நாம் காண்கிறோம்.

மறுபுறத்தில், தமிழரின் தொகை குறைகிறது, பாராளுமன்ற ஆசனம் குறைகிறது, ஆதலால் பெண்கள் அதிகம் பெற வேண்டும் என்று மேடைகளில் முழங்குவோரும் உளர். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆசனங்கள் 2010இல் ஒன்பதாயிருந்து 2024இல் ஆறாகக் குறைந்தது உண்மைதான். அதற்கு யுத்தமும் புலப்பெயர்வும் பொறுப்பு. கணவனை இழந்து, கூலி வேலை செய்து, நுண்கடன் வசூலிப்போருக்கு அஞ்சி வாழும் பெண்ணின் வயிற்றில் ஆசனக் கணக்கைப் போடுவது கொடுமை. பெறவும், பெறாதிருக்கவும், எப்போது பெறுவதென்று முடிவு செய்யவும் உள்ள உரிமை ஒன்றே, அவ்வுரிமை அவளுடையது.

சில மறுப்புகள்

நம் அணியிலிருந்தே எழக்கூடிய மறுப்புகள் உண்டு. டெங்கும் போஷாக்கின்மையும் இருக்கும் நாட்டில் இது ஆடம்பரமல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். இந்நோயின் சிகிச்சை முழுவதும் விலையுயர்ந்ததன்று. விந்துப் பரிசோதனை, தைரொயிட் பரிசோதனை, சூல் வெளிவருவதை அறிதல், கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தல், சூலைத் தூண்டும் மாத்திரைகள் ஆகியவை மாவட்ட வைத்தியசாலையிலேயே செய்யத்தக்கவை. ஒரு சாரார் இவற்றோடேயே பயனடைந்துவிடுவர். கணவனைப் பரிசோதியாமல் மனைவியை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பதே உண்மையான ஆடம்பரம். வெளியிற் கருக்கட்டல் எஞ்சியோருக்கே தேவை. அதிலும் இளம் பெண்களுக்குக்கூட ஒரு முயற்சி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேளைகளிலேயே பலன் தரும். இவ்வுண்மையை மறைத்து ஆசை காட்டுவது வியாபாரம். பொதுத் துறைச் சிகிச்சையின் பெரும் பயன்களுள் ஒன்று, 'இதற்குமேல் முயல வேண்டாம்' என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய வைத்தியர், சொல்வதால் நட்டமடையாத நிலையில் இருப்பதாகும்.

பிள்ளை தத்தெடுக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. தத்தெடுத்தல் உயர்ந்த செயல்; யுத்தம் அநாதைகளாக்கிய பிள்ளைகளை வளர்த்தெடுத்த உறவினர்களை வன்னி நன்கறியும். ஆனால் பணமுள்ளவளுக்கு மருத்துவம், பணமில்லாதவளுக்குத் தத்து என்று வகுப்பது அறிவுரையாகாது. அது தீண்டாமையின் இன்னொரு வடிவம்.

செய்ய வேண்டியன

2024 மே மாதத்தில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில், நெதர்லாந்தின் உதவியோடு அமைக்கப்பட்ட பெண்கள் நலச் சிறப்புச் சிகிச்சை நிலையம் திறந்து வைக்கப்பட்டது. வன்னி மண்ணில் இத்தகைய நிலையம் எழுந்தது பெரிய காரியம். ஆனால் கட்டிடமும் கருவியும் மாத்திரம் நோய் தீர்ப்பதில்லை. நிபுணர், தாதியர், ஆய்வுகூட வல்லுநர், தடையற்ற மின்சாரம், தொடர்ந்து வரும் மருந்து ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும். அந்நிலையத்தின் வெற்றியை அளக்கும் கோல்களுள் ஒன்றாக, முல்லைத்தீவின் ஒரு கூலித் தம்பதி கொழும்புக்குப் பஸ் ஏறாமல், கடன் வாங்காமல், பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றுத் திரும்பினரா என்ற கேள்வியை வைக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 2024இல் செயற்கைக் கருத்தரிப்பு நிலையம் தொடங்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்க வைத்தியசாலைக்கு இயலுவது, 1951இலேயே கட்டணத்தை ஒழித்த நாட்டுக்கு இயலாததாகாது.

குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஒவ்வொரு கிராமத்துத் தம்பதியரின் விபரமும் எழுதப்படுகிறது. பிள்ளையற்ற வீடு எது என்பதை அரசு அறியும். அவ்வறிவு கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே பரிசோதனைக்கு அனுப்பும் கடிதமாக மாற வேண்டும். யுத்தத்தில் காயமுற்றோருக்கும் பிள்ளைகளை இழந்தோருக்கும் முன்னுரிமையும் பிரயாணச் செலவும் வழங்கப்படல் வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் இந்நோயை ஒட்டுமொத்தமாக விலக்குவதைச் சட்டம் தடுக்க வேண்டும். அதுவரை ஆசிரியர் சங்கங்கள் தம் அங்கத்தவருக்காக மட்டுமன்றி, காப்புறுதி என்ற சொல்லே எட்டாதவருக்காகவும் இக்கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.

எழுதுவோருக்கும் மாணவருக்கும் ஒரு வேலை உண்டு. வன்னியைப் பற்றிய நம் கதைகளில் குண்டு விழுந்த இரைச்சல் நிறையவே கேட்கிறது. யுத்தம் ஓய்ந்த பின் ஒரு வீட்டில் நிலைத்துவிட்ட மௌனத்தை எழுதியவர் குறைவு. பிள்ளையில்லாப் பெண்ணைப் பாவியாகவோ தெய்வமாகவோ தீட்டாமல், ஒரு நோயாளியாகவும் உரிமையுள்ள பிரசையாகவும் காட்டும் கதைகள் வர வேண்டும். வகுப்பறையில் இனப்பெருக்கப் பாடத்தை நடத்தும் ஆசிரியர், அதைத் தாண்டிச் செல்லாமல், இந்நோய் இருபாலார்க்கும் பொது என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால், அடுத்த தலைமுறையின் வேலியோரச் சண்டையில் அந்த வசைச் சொல் சற்றேனும் மழுங்கும். பத்திரத்தின் விலக்கு வாசகத்தைத் திருத்தச் சட்டம் வேண்டும். நம் வாய்ச்சொல்லைத் திருத்த எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.